மிஷின் காது

தம்பி,

சனிக்கிழமை நீயும் கவிதாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு மேலே வருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, நீ போனில் சொன்ன இன்னொன்றையும் சொன்னாள். "புள்ளைய காட்டிட்டுப் போறோம்மா. ஆனா அப்பா கையில குடுக்க மாட்டேன்." அவள் அதை மறைத்திருக்கலாம். இத்தனை மாதமாக மறைத்து மறைத்து இந்த வீட்டில் எல்லாரும் களைத்துவிட்டோம், அதனால்தான் சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை அம்மா படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கண் சரியாக மூடுவதில்லை, நாலு வரிக்கு ஒரு தடவை மருந்து விட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கவில்லை. நீ பார்த்த தள்ளாட்டம் உண்மை, ஆனால் அது சம்சு போதை இல்லை. என் தலைக்குள், காதுக்குப் பின்னால், ஒரு கட்டி வளர்ந்திருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கேன்சர் இல்லை, பயப்படாதே. இதை உனக்குச் சொல்லாமல் இருந்தது அம்மாவின் தப்பு இல்லை, என் தப்பு. எப்படி அந்தத் தப்பு வந்தது என்று சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ என்னைச் சந்தேகப்பட்டதில் ஒரு குறையும் இல்லை. நீ அஞ்சாம் வகுப்புப் படிக்கும்போது ரிங்லெட் டவுனில் உன் காலுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தோமே, அந்தச் சாயங்காலத்தை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. சப்பாத்துக் கடைக்கும் மோட்டாருக்கும் நடுவில் நான் ஒரு இடத்துக்குப் போய்விட்டு வந்தேன். நீ கடை வாசலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். பனி இறங்கி ரோடு ஈரமாக இருந்தது. வளைவில் மோட்டார் சறுக்கியது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, உனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அது கூடியபின்னும் ஒரு மேடு நின்றுவிட்டதே, சட்டை போடாமல் நீ நடக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. கோயிலில் சத்தியம் செய்யவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவை பிள்ளையைக் கீழே போட்டவன் கையில் இன்னொரு பிள்ளையைக் கொடுக்க யோசிக்கிறாய் என்றால் அந்த யோசனையை நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன்.

இப்போது காது விஷயத்துக்கு வருகிறேன். நீ சிரம்பானில் பாக்டரியில் வயரிங் வேலை பார்க்கிறவன், எங்கள் தேயிலைக் கொழுந்து வெட்டுகிற மிஷினை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் அந்தப் பக்கம் ஒருத்தன் நின்று இரண்டு பேராகப் பிடிக்கிறது. என்ஜின் ஒரு முனையில்தான் இருக்கும். கனமும் சத்தமும் அந்தப் பக்கத்தானுக்கு. நான் இருபது வருஷத்துக்கு மேல் என்ஜின் பக்கம், மாரி மறுபக்கம். என்ஜின் எப்போதும் என் இடது காதுக்கு நேரே ஓடிக்கொண்டிருக்கும். காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுத்தார்கள்தான். அடைத்தால் மாரி கூப்பிடுவது கேட்காது என்று பையில் போட்டுக்கொண்டேன். ஆகவே எஸ்டேட்டில் என்ஜின் பிடித்தவனுக்கெல்லாம் ஒரு காது மந்தமாக இருக்கும். அதற்குப் பெயர் மிஷின் காது. வாட்டம் வந்த செடிக்கு ஒரு பெயர் இருக்கிறமாதிரி, இதற்கு ஒரு பெயர். அதை வைத்துக் கேலியும் உண்டு. சம்சாரத்தை மிஷின் காதுப் பக்கம் படுக்க வைத்தால் குடும்பம் நல்லா நடக்கும் என்று மாரி சொல்லுவான்.

அதனால் என் இடது காது போனபோது நான் கவலைப்படவில்லை. வரவேண்டியது வந்துவிட்டது என்று நினைத்தேன். கிளினிக்குக்குப் போயிருந்தால் அங்கேயும் நானே சொல்லியிருப்பேன், 'மிஷின் காது' என்று. மற்ற ஊரில் ஒருத்தனுக்கு ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் ஏன் என்று யோசிப்பான். எங்களுக்குக் காரணம் கையிலேயே தயாராக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதில் ஒரு இரைச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மிஷின் கொட்டகையில் பூட்டியிருக்கும், என் காதில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஞாயித்துக்கிழமைக்கும் சம்பளம் கேளுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

நடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. கண் திறந்திருந்தால் சமாளித்துவிடுவேன். மூடினால் உடம்பு இடது பக்கம் சாய்ந்துவிடும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நம் மாரியம்மன் கோயிலில் தீபாராதனை நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டேன், ஆடிவிட்டேன். பக்கத்து லைன் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறாளே, மகனுக்குப் பெண் அமையவில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பாளே, அவள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நெற்றியில் திருநீறு அள்ளிப் பூசி ஏதோ கேட்டாள். இடது பக்கம் நின்று கேட்டாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டி வைத்தேன். அடுத்த மாதமே அவனுக்குப் பெண் அமைந்துவிட்டது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறாள். கோயிலுக்குள் ஆடினால் சாமி, அதே ஆட்டம் கோயிலுக்கு வெளியே ஆடினால் சம்சு. வாந்தியும் வந்தது, அதுவும் மலையிலிருந்து தாப்பா ரோட்டில் இறங்கும்போது. அந்த வளைவுகளில் வாந்தி எடுக்காதவன் யார்? அதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்தீர்கள். கவிதாவுக்கு அப்போதுதான் நாள் தள்ளியிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்தவன் படியில் தடுமாறி, அவள் மேலேயே சாய்ந்துவிட்டேன். நீ ஓடி வந்து அவளைப் பிடித்தாய், என்னை இல்லை. உன் முகத்தை நான் பார்த்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. நம் இரண்டு பேருக்கும் அது பழகிப்போன வழக்கம்தானே.

நீங்கள் கீழே போய் நாலு நாள் கழித்து ஒரு காலையில் போன் செய்தாய். என் வலது கையில் முட்டைக்கோஸ் மூட்டை. போனை இடது கையில் எடுத்து, இடது காதில் வைத்தேன். நீ ஒரு கேள்வி கேட்டாய். சத்தம் கேட்டது. என் காதுக்கு வந்த வார்த்தை, "அப்பா, குளிச்சீங்களா?" பிள்ளை அக்கறையாகக் கேட்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "காலையிலேயே ஆச்சு தம்பி. இந்தக் குளிர்ல அது இல்லாம முடியுமா? உங்கம்மாவே எடுத்து வெச்சுட்டா" என்று வெந்நீரை நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்புறம், "சரிப்பா" என்றாய். வைத்துவிட்டாய். அதோடு என்னிடம் நீ பேசியது நின்றது. அம்மாவோடு பேசுவாய். போன் என் கைக்கு வந்தால் லைன் வெட்டுப்படும். ஏதோ வேலை நெருக்கடி என்று நினைத்தேன். பிறகு, சம்பாதிக்கிற பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு கேள்வி என்று எனக்குத் தெரியவே தெரியாது.

பொங்கல் முடிந்து ஒரு வாரம். மேல் மலையில், சரிவான இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தோம். திரும்புகிற இடத்தில் எனக்குத் தரை எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. மயக்கம் இல்லை, நினைவு நன்றாக இருந்தது, கால் மட்டும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. மிஷின் மாரி பக்கம் சாய்ந்தது. கத்தி ஓடிக்கொண்டிருக்கிற மிஷின் தம்பி. அவனுடைய ரப்பர் சப்பாத்தின் மேல்புறம் கிழிந்து காலுறை தெரிந்தது. இன்னும் அரை விரற்கடை போயிருந்தால் கால். "என்னாண்ணே இது" என்று மட்டும் கேட்டான். பின்னால் பை பிடித்து வந்த வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கங்காணி மேலேயிருந்து இறங்கி வந்தார்.

"ஊது பாக்கலாம்."

ஐம்பத்தெட்டு வயதில், எல்லார் முன்னாலும், வாயைத் திறந்து ஊதினேன். கோப்பி வாசனைதான். அவர் ஒரு தடவை முகர்ந்து, இன்னொரு தடவை ஊதச் சொல்லி, அதையும் முகர்ந்தார். "வாய் நாறல. ஆனா காலு ஆடுது. நீ மிஷின தொடாத, கிளினிக்குக்குப் போ லா" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு அத்தனை ஆத்திரம். இப்போது யோசித்தால், ஆடுகிறவன் வாயை முகர்ந்து பார்த்த பிறகு முடிவு செய்த மனுஷன் அவர் ஒருவர்தான். நான் நாறாத வாயோடு உன் வீட்டு வாசலில் நின்றிருந்தால் நீயும் அப்படித்தான் செய்திருப்பாய். தூரம் வந்துவிட்டது நமக்கு.

கிளினிக்கிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு வார்த்தையாக விட்டார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மலாய்க்கார நர்ஸ், தங்கமான பெண், "பாக்சிக், பாக்சிக்" என்று மாமாவைக் கூப்பிடுகிறமாதிரி பொறுமையாகக் கூப்பிட்டாள். வலது காதில் எல்லாம் சரியாகச் சொன்னேன். இடது காதில் 'பாத்து' என்று கல்லைச் சொன்னால் நான் 'பாஜு' என்று சட்டையைச் சொன்னேன். சத்தம் கூட்டி வைத்தார்கள், அப்போதும் சட்டைதான். டாக்டரம்மா நம் தமிழ்ப் பிள்ளை, தமிழிலேயே விளக்கினாள். "அங்கிள், சத்தம் உள்ள போகுது. ஆனா நரம்பு வழியா மூளைக்குப் போறதுக்குள்ள எழுத்து உடைஞ்சு போகுது. அதான் வேற வார்த்தையா கேக்குது." மிஷின் காதும்மா என்று நான் என் பாட்டைப் பாடினேன். "சத்தத்தால போகும்னா ரெண்டு காதும் போகணுமே அங்கிள்?" என்றாள். எங்கள் மிஷினில் என்ஜின் ஒரு பக்கம்தான் இருக்கும் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப உங்க ஆளுங்க எல்லாருக்கும் இந்தச் சாக்கு இருக்கு. இருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் காது போனா ஒருவாட்டி ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும்" என்றாள்.

அந்த ஸ்கேன் ஒரு குழாய்க்குள் படுத்துக்கொள்கிறது. உள்ளே டமார் டமார் என்று நாலு மிஷின் சேர்ந்து ஓடுகிற சத்தம். நான் தூங்கிவிட்டேன். எழுப்பிய ஆள் சொன்னான், இதற்குள் பயந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், குறட்டை விடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று. கட்டி தெளிவாக வந்திருந்தது. காது கேட்கிறதுக்கும் நிலை தவறாமல் நிற்கிறதுக்கும் ஒரே நரம்பாம், அதன் மேல் இருக்கிற உறையில் வளர்ந்திருக்கிறது. உனக்குப் புரிகிறமாதிரி சொன்னால், வயர் சரியாக இருக்கிறது, மேலே இருக்கிற ரப்பர் வீங்கி வயரை நசுக்குகிறது. பல வருஷமாக மெதுவாக வளர்ந்து, இப்போது மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு பெரிசு என்று அம்மா கேட்டாள். டாக்டரம்மா விரலால் காட்டினாள். "கியா பார்ம் சந்தையில பாக்கெட்டுக்கு அடியில ஒளிச்சு வைப்பாங்களே, அந்தச் சின்ன ஸ்ட்ராபெரி சைஸ்" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வழி மூன்று இருந்தது. சின்னக் கட்டி என்றால் ஒன்றும் செய்யாமல், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டலாம். நிறைய வயதானவர்கள் அப்படியே இருந்துவிடுகிறார்களாம். அடுத்தது, கத்தி வைக்காமல் கதிரைக் குவித்துக் கட்டியின் மேல் விடுவது. கட்டி போகாது, வளர்வது நிற்கும். என்னுடையது அந்த இரண்டுக்கும் கொஞ்சம் பெரிசு, மூளையை வேறு தள்ளுகிறது, ஆகவே ஆபரேஷன்தான் நல்லது என்றார்கள். போன காது திரும்பக் கேட்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முகத்துக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு போகிறதாம். முழுவதும் சுரண்டி எடுத்தால் முகம் ஒரு பக்கம் விழுந்துவிடும் ஆபத்து அதிகம். ஒட்டியிருக்கிற மெல்லிய துண்டை விட்டுவைத்தால் முகம் தப்பிக்கலாம், விட்ட துண்டை வருஷா வருஷம் ஸ்கேனில் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் டாக்டர் எந்தப் பக்கம் போகட்டும் என்று என்னிடமே கேட்டார். எனக்கு இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "விட்டு வைங்க டாக்டர், அதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, அம்மா உனக்குச் சொல்லத்தான் போனை எடுத்தாள். அதற்கு முந்தின வாரம்தான் கவிதா அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். போனைக் கீழே வைத்துவிட்டு அம்மா வந்து என் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "நீங்க குடிச்சேன்னு அவன்கிட்ட சொன்னீங்களாமே. நான் வேற எடுத்து வெச்சேனாமே. அவன் 'குடிச்சீங்களா'ன்னு கேட்டதுக்குக் காலையிலேயே ஆச்சுன்னு சிரிச்சீங்களாமே." எனக்கு அந்தக் காலை, அந்த முட்டைக்கோஸ் மூட்டை, எல்லாம் அப்படியே ஞாபகம் வந்தது. ஒரு எழுத்து. குளி, குடி. ஒரே ஒரு எழுத்து உடைந்ததில் நான் என் வாயாலேயே குடிகாரன் ஆகிவிட்டேன். அம்மாவுக்குச் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்க முடியவில்லை. "இப்பவே அவனுக்குப் போன் போட்டு இதச் சொல்லுங்க" என்றாள்.

தம்பி, நான் வேண்டாம் என்றேன். இங்கேதான் என் தப்பு. கவிதா மாசமாக இருக்கிறாள், பயந்துபோவாள், பிள்ளை பிறக்கட்டும் என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். அம்மா நம்பினாள். அது பொய். உண்மை என்னவென்றால் எனக்கு ரோஷம். இத்தனை வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தேனே, அதற்கு ஒரு மதிப்பு இல்லையா, ஒரு தடவை தடுமாறியதும் ஒரு கேள்வியோடு முடித்துவிட்டானே என்று. இருக்கட்டும், ஆபரேஷன் டேபிளிலேயே நான் போய்விட்டால் அப்புறம் அவனுக்குத் தெரியவரும், அப்போது அவன் அழட்டும் என்று நினைத்தேன். பெத்த பிள்ளையை அழவைக்க என் சாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. குடித்த காலத்தில்கூட நான் உனக்கு இவ்வளவு கெட்டது நினைத்ததில்லை. இதை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்துகொள், அவ்வளவுதான்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் முடிந்தது. வெளியே அம்மாவும் மாரியும் உட்கார்ந்திருந்தார்கள். மாரி அந்தக் கிழிந்த சப்பாத்தைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கண் விழித்தபோது உலகம் சுற்றியது. அசையாமல் படுத்திருந்தாலும் கட்டிலோடு சேர்ந்து நான் ஏதோ வளைவில் இறங்கிக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. நாலாம் நாள் அம்மா கண்ணாடியைக் காட்டமாட்டேன் என்றாள், நான் ஸ்பூனின் பின்புறத்தில் பார்த்துக்கொண்டேன். இடது பக்கம் முகம் விழுந்திருந்தது. நரம்பு அறுபடவில்லை, அடிபட்டிருக்கிறது, வரலாம், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்கிறார்கள். இப்போது கன்னம் கொஞ்சம் அசைகிறது. கோப்பி குடித்தால் இடது ஓரத்தில் வழியும், ஒரு துணியை எப்போதும் தோளில் போட்டிருக்கிறேன். தூங்கும்போது கண்ணை அம்மா டேப் வைத்து ஒட்டிவிடுவாள். நடைக்கு ஒரு பயிற்சி சொல்லித் தந்திருக்கிறார்கள். பஞ்சு மெத்தையில் நிற்கணும், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே நடக்கணும். ஒரு பக்கத்து நரம்பு போய்விட்டால் மறுபக்கம் முழுப் பாரத்தையும் சுமக்கக் கற்றுக்கொள்ளுமாம். லைனில் அப்படி நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நினைக்கட்டும். எனக்கு அசதியாக இருக்கிறது. பத்து நிமிஷம் நடந்தால் ஒரு நாள் முழுக்க என்ஜின் பிடித்தமாதிரி இருக்கிறது.

பிள்ளை பிறந்தபோது அம்மா ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். கவிதாவின் அம்மாதான் எல்லாம் பார்த்தார்கள், அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். உன் அம்மா அந்த நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு நடத்திப் போய்க்கொண்டிருந்தாள். உன்னிடம் காய்ச்சல் என்றாள். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள், எனக்கு வலது காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டு. குடிகாரனை விட்டு வர அவளுக்கு மனசில்லை என்று நீ நினைத்திருப்பாய். முதல் பேரப்பிள்ளையை அவள் இன்னும் தூக்கவில்லை, என் ரோஷத்தால். சனிக்கிழமை முதலில் அவளிடம் கொடு.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான், ஆனாலும் அப்பன் கடிதம் என்றால் கொஞ்சம் இருக்கும், சகித்துக்கொள். ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கேள்வியை நிறுத்தாதே. எனக்கு 'மிஷின் காது' என்ற பெயர் கிடைத்தது, உனக்குக் 'குடிகாரன்' என்ற பெயர் கிடைத்தது, இரண்டு பேரும் அதோடு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டோம். உன் பாக்டரியிலும் சத்தம் உண்டு. ஒரு காது மட்டும் மந்தமானாலோ, போனில் வார்த்தை மாறிக் கேட்டாலோ, சத்தத்தின் மேல் பழி போடாமல் போய்க் காட்டு. மாரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவன் காதையும் சோதிக்க வைத்தேன், அவனுக்கு நிஜமாகவே வெறும் மந்தம்தான். கவிதாவோடு மனஸ்தாபம் வந்தால் போனில் முடிக்காதே, நேரில் போய் முகத்தைப் பார். கோபம் வந்தால் இன்னொரு தடவை கேள். நான் கேட்டிருக்கலாம், "என்ன தம்பி கேட்ட?" என்று. இத்தனை வருஷமாக எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, பாதி கேட்டதற்கு முழுப் பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

இனிச் சனிக்கிழமை விஷயம். வாசலில் என்னைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருக்கும், தயார்ப்படுத்திக்கொள். கவிதாவிடமும் சொல்லிவை. மூன்று மாதத்தில் பிள்ளைகள் முகம் பார்த்துச் சிரிக்கும் என்கிறாள் அம்மா. என் முகத்தில் பாதிதான் திருப்பிச் சிரிக்கும். அதற்கு நான் கண்ணாடி முன்னால் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை அழுதால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் கையில் கொடுக்க மாட்டேன் என்றாய். அதை நான் இரண்டு நாள் யோசித்தேன். நீ சொன்ன காரணம் தப்பு, ஆனால் சொன்னது தப்பு இல்லை. பிள்ளை ஐந்து கிலோவுக்கு வந்துவிட்டாள் என்று கவிதா சொன்னாளாம். நேற்று அம்மா ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். நின்றுகொண்டு வாங்கினேன், நாலு அடி நடந்தேன், திரும்பும்போது இடது பக்கம் சாய்ந்தேன், பை கீழே விழுந்தது. அம்மா அரிசியை அள்ளினாள். அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து, பாயில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கொடு என்றேன். நேற்று நாலு தடவை, இன்றைக்குக் காலையில் ஆறு தடவை. கண்ணைத் திறந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, எல்லா விதத்திலும் பார்த்தாகிவிட்டது. கடைசித் தடவை அரை மணி நேரம் வைத்திருந்தேன். "தாலாட்டும் பாடுவீங்க போல" என்றாள் அம்மா. உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவைகூட விழவில்லை தம்பி.

நீ என் பக்கத்திலேயே உட்கார், உன் கையும் அடியில் இருக்கட்டும். நான் நிற்கும்போது, எவ்வளவு கெஞ்சினாலும், கொடுக்காதே. உட்கார்ந்த பிறகு கொடு.